சின் மிங் சாலை, கட்டணம் உயரும் இரவு

நள்ளிரவு முதல் பத்துக் காசு கூடுகிறது.
மீட்டர்களின் வயிற்றிலிருந்து பிடுங்கிய
நானூறு சில்லுகள்
பிஸ்கட் டின்னில் வந்து சேர்ந்தன,
மல்லாந்த கரப்பான்கள் போலக் கால் விரித்து.

ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னச் சன்னல்,
படிகக் கண்ணாடி. அதன்மேல் ஒட்டுத்தாள்.
வெயில் உள்ளே போனால் மறந்துவிடும் என்று
எழுதிய அன்றே கண்ணைக் கட்டிவிடுகிறோம்.

கத்தி நுனியால் உரிக்கிறேன்.
பசை மிச்சத்தைச் சாராயப் பஞ்சால் துடைக்கிறேன்.
விரல் ரேகை பட்டாலும் நிழல் விழும்,
நிழலுக்கடியில் பழைய கட்டணம் பிழைத்துக்கொள்ளும்.

தட்டுக்கு இருபது. தட்டுக்கு இருபது நிமிடம்.
பெட்டியை மூடினால்தான் விளக்கு எரியும்.
இடுக்கில் ஒரு நீலக் கோடு.
பார்க்காதே என்று நான்கு மொழியில் எழுதியிருக்கிறது.
நான்கு மொழியிலும் பார்த்திருக்கிறேன்.

மின்னல் வெட்டி ஓய்ந்த வாசனை.
எழுதும்போது சுவருக்கு அப்பால் அடைத்த மின்துகள்கள்
வெளிச்சம் குடித்துத் தெம்பேறி
சுவர் தாண்டிக் குதித்துப் போகின்றன.

அழித்தால் சுழியம் மிஞ்சும் என்று நினைத்துத்தான்
இந்த வேலைக்கு வந்தேன்.
மிஞ்சுவது ஒன்று.
மூலை முடுக்கெல்லாம் ஒன்று ஒன்று ஒன்று.
சுழியம்தான் நாம் எழுதுவது.
ஒன்றைச் சுழியமாக்க என் கை போதும்;
சுழியத்தை ஒன்றாக்க
விளக்குதான் வரவேண்டும்.

ஏழாவது தட்டுக்கு முன்
சும்மா ஒன்றை எடுத்துத் திரையில் படித்தேன்.
கட்டணம், காத்திருப்பு, நள்ளிரவுக் கூடுதல்,
அப்புறம் எதுவும் எழுதாத நீண்ட வெளி,
அதன் கடைக்கோடியில்
4C 41 50 41 52.
லாப்பார்.
பசிக்கிறது.

மஸ்னா.
மூலப் பிரதியை எழுதியவள் அவள்தான்,
நோன்பு மாதம்,
மாலை ஏழுக்கு இன்னும் கால் மணி இருந்திருக்கும்.
மந்தம் வந்த வருஷம்
முதல் பட்டியலிலேயே போனாள்.

நானூறு டாக்சிகள் அவள் பசியைச் சுமந்து
சாங்கிக்கும் ஜூரோங்குக்கும் ஓடியிருக்கின்றன.
ஆர்ச்சர்ட் சாலை விருந்துகளுக்கு வந்து இறங்கியவர்கள்
மீட்டரைப் பார்த்து முகம் சுளித்தார்கள்,
அது வேறு கணக்கு.

திருத்திவிடலாமா என்று தாளில் போட்டுப் பார்த்தேன்.
மாக்கான், சாப்பிடு.
அவர்கள் எழுத்தில் அதற்கும் ஐந்துதான்.
முதல் எழுத்தில் வித்தியாசம் ஒரே ஒரு பிட்.
அந்தச் சுழியம் ஒன்றாக வேண்டும்.
என் கைக்கு எட்டாத திசை.
ஒரு பிட்டை மட்டும் அழிக்க வழியில்லை;
வெளிச்சத்துக்குப் பொறுக்கி எடுக்கத் தெரியாது,
பசியைக் கேட்டால்
கட்டணத்தையும் வாரிக்கொண்டு போகும்.

வாரிக்கொண்டு போகத்தான் எனக்குக் கூலி.

பதினொன்று நாற்பதுக்குக் கடைசித் தட்டு அணைந்தது.
கடைசிச் சில்லில் புதுக் கட்டணம் ஏற்றிவிட்டு
கடைக்கோடிக்குப் போய்
ஐந்தெழுத்து தட்டினேன்.

கூட்டுத்தொகை பார்க்க பூன் செங் வந்தார்.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஒத்துப்போயின.
ஒன்று இடறியது.
திரையைக் கீழே நகர்த்தினார். நின்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அந்தப் பெண் மூவாரில்தானே?"
தெரியாது என்றேன்.
கையெழுத்துப் போட்டார்,
மை வராததால் இரண்டு தடவை.

ஆறு மணிக்கு மழை. டாக்சி பிடித்தேன்.
ஓட்டுநர் பொத்தானை அழுத்த
சிவப்பு எண்கள் எழுந்தன, பத்துக் காசு கூடி.
பார்வையை எடுக்காமல் வந்தேன்.
"என்ன, விலையா?" என்றார்,
தன்மேல் தப்பில்லை என்கிற குரலில்.
சாப்பிட்டாச்சா
என்று கேட்டேன்.